ஃப்ரிட்ஜ் மேல் ஒரு கெண்டை

புதுச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் பல வருஷமாக மீன் வாங்கிப் பழகிய கண் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு. செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. கூடைக்கு நாலடி தள்ளி நின்றே எது இன்றைய மீன், எது ஐஸில் கிடந்த மீன் என்று சொல்லிவிடுவார். அந்தப் பாட்டி மீன் என்றே ஒத்துக்கொள்ளாத மீன் ஒன்று அவர் வீட்டிலேயே இருந்தது. ஃப்ரிட்ஜின் மேல், தினசரி காலண்டருக்குக் கீழே, உருண்டைக் கண்ணாடிப் பவுலில், கட்டைவிரல் நீளத்தில் ஒரு தங்கமீன். "அது மீனு இல்லப்பா, பொம்ம" என்பார்.

மீனுக்குச் சொந்தக்காரி பாட்டியின் பேத்தி. ஏழாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"அங்கிள், ரெண்டு வருஷமாச்சு. இது ஏன் வளரவே மாட்டேங்குது?"

நோட்டைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் மீனை ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, அடியில் கிராஃப் தாளை வைத்து அளந்திருக்கிறாள். வாங்கியபோது மூன்றரை சென்டிமீட்டர். இரண்டு வருஷம் கழித்து நான்கு. பவுலுக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு இது ஐந்து, ஐந்தரை என்று தெரியும். தண்ணீர் நிரம்பிய உருண்டை ஒரு லென்ஸ். நடுவில் நிற்கும் மீனை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். வீட்டில் எல்லோரும் "வளர்ந்துட்டுதான இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் இந்த லென்ஸுக்கும் பங்கு உண்டு.

கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். "தொட்டி எம்மாம் பெருசோ அம்மாந்தான் வளரும் பாப்பா" என்றாராம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். உலகம் முழுக்க இதுதான் பதில். மீன் பாத்திரத்தைப் பார்க்கிறது, தன் அளவை முடிவு செய்துகொள்கிறது, நிம்மதியாக இருக்கிறது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் மனசு உறுத்தாத கதை. கேள்வியை நோட்டில் எழுதி அளந்தும் வைத்திருக்கிறவளிடம் இந்தக் கதையைத் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் இது யார் என்று பார்த்துவிடலாம். 1758இல் லின்னேயஸ் 'ஆரட்டஸ்' என்று பெயர் வைத்த, இன்று 'கராசியஸ் ஆரட்டஸ்' எனப்படும் இது, பெயரளவில்தான் தங்கம், குலத்தால் கெண்டை. நம் குளங்களில் வளரும் கட்லா, ரோகு, சாதாக்கெண்டை எல்லாம் இதற்குப் பங்காளிகள். சீனத்தின் சேற்றுக் குளங்களில் பச்சை கலந்த வெண்கல நிறத்தில் திரிந்த ஒரு கெண்டையில் எப்போதாவது ஒன்று செக்கச்செவேலென்று பிறந்தது. அதைப் பிடித்துத் தனியே வளர்த்து, அதன் குஞ்சுகளில் சிவந்ததை மட்டும் மறுபடி தேர்ந்தெடுத்து, ஆயிரம் வருஷத்துக்குக் கிட்ட நடந்த வேலையின் பலன் இது. இன்றும் தங்கமீன் குஞ்சு பொரிக்கும்போது மூதாதையின் மங்கல் நிறத்தில்தான் இருக்கும். வாரங்கள், மாதங்கள் கழித்தே நிறம் மாறும். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்களிடம் கேட்டால் 'புவாசோன் ரூழ்' என்பார்கள். சிவப்பு மீன் என்று பொருள். ஆங்கிலேயர் கண்ணுக்குத் தங்கமாகத் தெரிந்தது பிரெஞ்சுக்காரர் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. சீனப் பெயரான 'ஜின்யூ'வுக்கும் தங்கமீன் என்றே பொருள். ஆனால் 1596இல் ஜாங் சியென்தே இந்த மீனைப் பற்றி எழுதிய சீன நூலின் தலைப்பில் இருப்பது சிவப்பே.

அந்தச் சீனர்கள் மீனை வளர்த்தது குளத்தில். பிறகு வீட்டுக்குள் கொண்டுவந்தபோதும் வாயகன்ற பெரிய மண்தாழிகளில். மேலே நின்று குனிந்து பார்ப்பதற்காக. பக்கவாட்டில் பார்க்கிற உருண்டைக் கண்ணாடி பின்னாளில் ஐரோப்பா சேர்த்த நாகரிகம்.

இந்தக் கெண்டை எவ்வளவு வளரும்? 2003இல் நெதர்லாந்தில் அளந்த ஒரு தங்கமீன் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 47.4 சென்டிமீட்டர். அது சாதனை, எல்லா மீனும் அப்படி ஆகாது. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றைப் பாருங்கள். யாரோ வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் கொண்டுபோய் விட்ட தங்கமீன்கள் அங்கே பெருகின. மர்டோக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிடித்துப் பார்த்தபோது ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தன. சில 1.9 கிலோ எடை. அமெரிக்காவில் மின்னசோட்டாவின் பர்ன்ஸ்வில் நகராட்சி 2021இல் ஏரியிலிருந்து அள்ளிய தங்கமீன்களைப் படம் எடுத்துப் போட்டு, தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டது. படத்தில் அவை கைக்கு அடங்காமல் இருந்தன. இங்கே ஊசுட்டேரியிலோ வேல்ராம்பட்டு ஏரியிலோ புண்ணியம் என்று நினைத்து விட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் அந்த வேண்டுகோள் பொருந்தும்.

ஆயுளும் நீளம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1956இல் ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 43 வயது வரை இருந்தது. மனிதர்களைப்போல இருபது வயதில் எலும்பு மூடி உயரம் நின்றுபோகிற உடம்பு மீனுக்கு இல்லை. வேகம் குறையுமே தவிர, ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கும். அப்படியிருக்க இரண்டு வருஷத்தில் அரை சென்டிமீட்டர் என்றால், எதுவோ அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பவுலின் கண்ணாடிச் சுவர் அல்ல. மீனுக்குத் தன் அறையை அளந்து அதற்கேற்ப உடம்பை நிறுத்தும் அவயவம் எதுவும் கிடையாது. நிறுத்தியது அந்தச் சுவருக்குள் இருக்கும் தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்கு போட்டோம், அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில். பவுல் நாலு லிட்டர் கொள்ளும். வீட்டில் வருகிறவர் போகிறவரெல்லாம் ஆளுக்கு இரண்டு குருணை போடுவதில் ஒரு நாளைக்கு 0.1 கிராம் தீனி விழுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல தீனியில் நூற்றுக்கு 40 பங்கு புரதம். புரதத்தைத் தின்ற உயிர் நைட்ரஜனைக் கழித்தே ஆக வேண்டும். நாம் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் விடுகிறோம். மீனுக்கு அந்தச் சிரமம் இல்லை, பெரும்பகுதியை அம்மோனியாவாகவே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடும். குளத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை. மீன் பண்ணைகளில் பயன்படுத்தும் வாய்ப்பாட்டின்படி இந்த 0.1 கிராம் தீனியிலிருந்து 3.7 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா நைட்ரஜன் வரும். நாலு லிட்டரில் அதைக் கரைத்தால் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம். ஒரே நாளில்.

இந்த அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும். அயனியாக இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. அயனி ஆகாத அம்மோனியா விஷம், செவுளைப் புண்ணாக்கும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை வெப்பமும் காரத்தன்மையும். 20 டிகிரியில் பிஎச் 8 உள்ள தண்ணீரில் நூற்றில் நாலு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே விஷ வேஷம். அதே தண்ணீர் 30 டிகிரிக்குப் போனால் ஏழரைப் பங்கு. ஆகவே முதல் நாள் முடிவில் நம் பவுலில் விஷ அம்மோனியா லிட்டருக்கு 0.07 மில்லிகிராம் பக்கம். மீன் வளர்ப்பவர்கள் நெடுநாளைக்குப் பொறுக்கலாம் என்று வைத்திருக்கும் எல்லை 0.02. மூன்றாம் நாள் என்ன ஆகும் என்று அவளே பெருக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப செத்திருக்கணுமே அங்கிள்?"

சாதாரணமாகத் தொட்டி மீனைச் சாகாமல் காப்பது கூழாங்கற்களிலும் கண்ணாடியிலும் படிந்திருக்கும் வழவழப்பு. அதில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட் ஆக்கும். ரஷ்யரான வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் இந்த உயிர்களைப் பிரித்துக் காட்டினார். இரண்டு வேலையையும் ஒற்றை ஆளாகவே செய்து முடிக்கிற பாக்டீரியாவும் உண்டு என்பது 2015இல்தான் தெரியவந்தது. புதுத் தொட்டியில் இவை குடியேறி நிலைக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். பாட்டி வீட்டில் நடந்ததோ வேறு. சுத்தத்துக்குப் பேர்போன வீடு அது. ஒவ்வொரு ஞாயிறும் பவுலைக் கவிழ்த்து, கல்லையெல்லாம் பாத்திரம் விளக்கும் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். திங்கட்கிழமை மீனுக்குப் பளபளவென்று ஒரு புது வீடு. அதில் துப்புரவுத் தொழிலாளர் ஒருவர்கூட இல்லை. வாரக் கடைசிக்குள் கொஞ்சம் பேர் வந்து சேருவார்கள், மறுபடி ஞாயிறு வந்துவிடும்.

கழுவிய பின் ஊற்றும் தண்ணீருக்கு வருவோம். புதுச்சேரியில் தண்ணீருக்கு ஒரு கதை உண்டு, பாரதி பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம் அதற்குச் சாட்சி. கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துவிட்டு முத்திரைப்பாளையத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டபோது அவள் பெயரில் இந்த மண்டபம் எழுந்தது. இன்றைக்கும் இந்த ஊர் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான். குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும். நமக்கு அது காவல், மீனின் செவுளுக்கும் அந்தப் பாக்டீரியாக்களுக்கும் அது அமிலம் ஊற்றின மாதிரி. வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். அவசரம் என்றால் கடையில் 'ஹைப்போ' என்று தரும் சோடியம் தயோசல்ஃபேட் ஒரு துளி போதும். இவர்கள் வீட்டில் குழாயடியிலிருந்து நேரே பவுலுக்கு. சில நாள் மாடி சின்டெக்ஸ் தண்ணீர். மே மாதத்து மதியம் அந்தத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

வெயில் மட்டுமே தங்கமீனைக் கொல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். டொரன்டோவில் ஃப்ரை என்பவரும் கூட்டாளிகளும் 1942இல் இளம் தங்கமீன்களை மெல்ல மெல்லச் சூட்டுக்குப் பழக்கி, எவ்வளவு வரை தாங்கும் என்று பார்த்தார்கள். நன்றாகப் பழகிய மீன் 41 டிகிரி வரை தாக்குப்பிடித்தது. குளிர்நீர் மீன் என்ற பெயரோடு அலையும் உயிருக்கு இது அசாத்தியம். குளிரிலோ அது இன்னும் பெரிய வித்தைக்காரன். குளம் உறைந்து மேலே பனிப்பலகை மூடி, அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோனால், இதுவும் இதன் நெருங்கிய உறவான குருசியன் கெண்டையும் உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே விட்டுவிடும். ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் இதற்கான நொதியை 2017இல் விளக்கினார்கள். குருசியன் கெண்டையின் ரத்தத்தில் அப்போது 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் எல்லை 30. புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு எது நினைவுக்கு வருமோ அதை உடம்புக்குள்ளேயே காய்ச்சிக்கொள்ளும் மீன். வண்டி ஓட்டாதவரை கேஸ் இல்லை.

இவ்வளவு கெட்டியான உடம்புதான் இதற்கு வினையாகவும் போயிற்று. வேறு மீனாக இருந்தால் அந்தப் பவுலில் முதல் மாதமே மிதந்திருக்கும். நாமும் ஏதோ தப்பு செய்கிறோம் என்று தெரிந்துகொண்டிருப்போம். தங்கமீன் சாவதில்லை. வளர்வதை நிறுத்திக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாகாததை நாம் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஏன் வளர்ச்சியை முதலில் விடுகிறது? குடும்ப பட்ஜெட் மாதிரிதான். தின்ற தீனியிலிருந்து முதலில் அன்றாடச் செலவு போக வேண்டும்: மூச்சு விட, நீந்த, உடம்பின் உப்பைக் காக்க, புண்ணான செவுளை ஆற்ற. மிச்சம் இருந்தால்தான் புதுச் சதை, புது எலும்பு. மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் பத்து டிகிரி சூடானால் இந்த அன்றாடச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதே சமயம் வரவு குறையும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் ஏழரைதான். உருண்டைப் பவுலைக் கழுத்து வரை நிரப்பினால் காற்று படும் இடம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். அதே தண்ணீரைப் பாதி பவுலோடு நிறுத்தினால் வயிறு அகன்ற இடத்தில் மேற்பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். இதைச் சொன்னதும் அவள் எழுந்து போய்ப் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு வந்தாள். அதில் தப்பு இருந்தது: தண்ணீர் பாதியானால் தினமும் சேரும் அம்மோனியா இரண்டு மடங்கு கெட்டியாகும். உருண்டைப் பவுலில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். இத்தாலியின் மோன்ஸா நகராட்சி 2004இல் தங்கமீனை உருண்டைப் பவுலில் வைக்கக் கூடாது என்று தடையே போட்டது. அடுத்த வருஷம் ரோமும் போட்டது.

சூடு வளர்ச்சிக்கு எதிரி இல்லை என்பது இதில் வேடிக்கை. தீனியும் ஆக்ஸிஜனும் தாராளமாக இருந்தால் இளம் தங்கமீன் 25 டிகிரிக்கு மேலும் வேகமாகவே வளரும். புதுச்சேரி வெயில் அதற்கு வரமாகவே இருந்திருக்கலாம்.

தீனி விஷயத்தில் இந்தக் குலத்துக்கு ஒரு விசேஷம்: கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தொண்டையில் இருக்கும் பல்லால் அரைத்து நேரே குடலுக்கு அனுப்பும். சேர்த்து வைத்துச் செரிக்க இடமில்லாததால் நாளெல்லாம் சேற்றைக் கிளறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருப்பது அதன் இயல்பு. காலையில் பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனால், பாதியை அது தின்னும், மீதி ஊறி அடியில் போய் அம்மோனியா ஆகும். சாயங்காலம் பசியோடு சுற்றும். இந்த வீட்டில் தீனி பாக்கெட்டும் வாங்கி ஒன்றேகால் வருஷம். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் திறந்த வாயோடு இருந்தது. அதில் வைட்டமின் அவ்வளவாக மிச்சம் இருந்திருக்காது. நடுநடுவே பிஸ்கட் தூள், சோற்றுப் பருக்கை. மீன் வெளிறிப்போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சிவப்பைத் தரும் கரோட்டினாய்டு நிறமியை மீன் தானே செய்துகொள்ள முடியாது, தின்றால்தான் உண்டு.

இயற்கையில் அதற்கு மிகப் பிடித்த தீனிகளில் ஒன்று கொசுப்புழு. அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. 1975இலிருந்து கொசுவை ஆராயும் தேசிய நிறுவனமான வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கும் ஊர் இது. யானைக்கால், டெங்கு என்று வீடுவீடாக வந்து தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மீனுக்காக வாளியில் புழு வளர்க்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி, நறுக்கிய மண்புழு, புரதம் கூடிய புதுத் தீனி ஆகியவற்றை நாளுக்கு மூன்று தடவை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு என்று முடிவாயிற்று.

இனி, கடைக்காரர் சொன்னதில் உண்மையே இல்லையா என்ற கேள்வி. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அவர் நினைத்த இடத்தில் இல்லை.

1930களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வார்டர் கிளைட் ஆலி என்பவர் தங்கமீன்களை வைத்துக் கூட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மீனுக்கு விஷமான கூழ்ம வெள்ளி கலந்த தண்ணீரில் தனித்தனியே விட்ட மீன்கள் சீக்கிரம் செத்தன. பத்து மீனைச் சேர்த்து விட்டபோது அதிக நேரம் தாக்குப்பிடித்தன. அவற்றின் வழவழப்பு வெள்ளியை இழுத்து அடியில் படியவைத்துவிட்டது. இன்னொரு சோதனையில், வேறு தங்கமீன்கள் முன்பே வாழ்ந்த தண்ணீரில் விட்டவை சுத்தமான தண்ணீரில் விட்டவற்றைவிட நன்றாக வளர்ந்தன. முன்னவை கக்கிய தீனித் துணுக்குகள் அதற்கு ஒரு காரணம் என்று பார்த்தார்கள். பழைய தண்ணீர் என்றாலே வளர்ச்சிக்குக் கேடு என்று ஆலியின் மீன்கள் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கச் சாட்சி 1974இல் வந்தது. ஃபுடரர் குழுவினர் நெரிசலாக வைத்த தங்கமீன், சாதாக்கெண்டை ஆகியவற்றின் தண்ணீரிலிருந்து ஒரு பொருளை ஓரளவு பிரித்தெடுத்தார்கள். மீன்களின் இதயத்துடிப்பைக் குறைத்த அந்தப் பொருளுக்கு 'நெரிசல் காரணி' என்று பெயர். குளத்தில் கூட்டம் அதிகம் என்று ஒன்றுக்கொன்று தண்ணீர் வழியே சொல்லிக்கொள்ளும் சங்கதி மாதிரி. கொஞ்சத் தண்ணீரில் ஒற்றை மீன் இருந்தாலும், மாற்றாமல் விட்டால் அதன் கழிவு அதைச் சுற்றியே தேங்கும். நெரிசல் காரணி அப்படித் தேங்கினால், நாலு லிட்டர் பவுலில் ஒரு மீன், தன்னந்தனியே கூட்ட நெரிசலில் மாட்டிக்கொண்ட மாதிரி. அதோடு பயமும் சேரும். ஒளிந்துகொள்ள ஒரு செடி இல்லை, ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடும்போதெல்லாம் அதிர்வு, எந்தப் பக்கம் திரும்பினாலும் முகங்கள். இந்த அலைக்கழிப்பில் உடம்பில் கார்ட்டிசால் ஏறும். அது நாள்பட்டு ஏறியே இருந்தால், வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலுக்குச் சொல்லும் கட்டளை பலிக்காமல் போகும்.

ஆக, தொட்டிக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் அது அடக்கஒடுக்கத்தால் வருவது இல்லை. இணையத்தில் இதற்கு நேர்மாறான பயமுறுத்தலும் சுற்றுகிறது: உடம்பு நின்றாலும் உள்ளுறுப்புகள் வளர்ந்துகொண்டே போய் மீன் வெடித்துவிடும் என்று. அதையும் நம்ப வேண்டாம். குடலும் கல்லீரலும் அதே ரத்தத்தில், அதே ஹார்மோன்களில்தான் வாழ்கின்றன. உடம்பு பட்டினி கிடக்கும்போது அவை மட்டும் விருந்து சாப்பிட வழியில்லை.

நின்றுபோன வளர்ச்சி திரும்ப வருமா? அவளுக்கு உண்மையில் தெரிய வேண்டியிருந்தது இதுதான். இதற்கு விடை ஆய்வுக்கூடத்தில் தேட வேண்டாம், ஆந்திராவின் கொல்லேறு ஏரிப் பக்கம் போனால் போதும். அங்கே ரோகு, கட்லா வளர்க்கும் பண்ணைக்காரர்கள் குஞ்சுகளை வேண்டுமென்றே நெருக்கமாக, அரைத்தீனியில் எட்டு மாதம், ஒரு வருஷம் என்று குட்டையாக வைத்திருக்கிறார்கள். பெரிய குளம் காலியானதும் அவற்றை விரித்து விட்டு முழுத்தீனி போடுகிறார்கள். அவ்வளவுதான், விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் வளரும். ஒழுங்காக வளர்ந்துவந்த குஞ்சைவிடவும் வேகம். ஈடுகட்டும் வளர்ச்சி என்று மீனியலில் இதற்குப் பெயர். நாட்டில் மீன் குழம்பு வைக்கிற பல வீடுகளுக்கு இந்தக் குட்டை வைத்தியத்தின் பலன் தட்டில் வந்திருக்கும். தொட்டி அளவுக்கு மீன் தன்னைத் தைத்துக்கொள்ளும் என்பது உண்மையானால் இந்த வியாபாரமே நடக்காது. அந்தக் குஞ்சுகள் சின்னதாகிவிடவில்லை, காத்திருந்தன. காத்திருப்புக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பல வருஷம் நசுங்கிய மீன் முழுவதையும் மீட்டுவிடும் என்று உத்தரவாதம் தர முடியாது.

வளராததற்கு வேறு காரணங்களும் உண்டு, அவை நம் கையில் இல்லை. குடலில் புழு இருக்கலாம். ஒரே ஈட்டில் பிறந்தவற்றில் பின்தங்கிய நோஞ்சானே கடைக்கு வந்திருக்கலாம். கடையில் குஞ்சு என்று வாங்கியது ஏற்கெனவே ஒரு வயது ஆகி, நெரிசலான சிமெண்ட் தொட்டியில் குட்டையாகி வந்ததாகவும் இருக்கலாம். இனமும் பார்க்க வேண்டும்: ஒற்றைவால் சாதாத் தங்கமீனும் காமெட்டும் நீளும், ஒரண்டா, ரியூகின், பிளாக் மூர் போன்ற உருண்டை உடம்புக்காரர்கள் அந்த அளவுக்குப் போகமாட்டார்கள். அந்த இரட்டைவால் அழகே கார்டின் என்ற மரபணுவின் ஒரு பிரதியில் நேர்ந்த பழுது என்று 2014இல் தைவானில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவளுடையது ஒற்றைவால்.

நூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்தால் போதாது என்று, பாட்டி வீட்டுத் தோட்டத்தில் சும்மா கிடந்த சிமெண்ட் தொட்டியைக் கழுவினோம். இருநூறு லிட்டருக்குக் குறையாது. வாழைமர நிழல் விழும் இடம். புது சிமெண்ட் என்றால் காரம் இறங்க வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டியிருக்கும், இது பழசு. இரண்டு நாள் நின்ற தண்ணீர், அடியில் கொஞ்சம் மணல், மூலையில் வேலம்பாசி, காற்றுக்குமிழி விடும் சின்ன பம்ப், பூனைக்காக மேலே வலை. முதல் ஒன்றரை மாதம் தீனியைக் கையைக் கட்டிப் போட்டோம், பாக்டீரியா குடியேறட்டும் என்று. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும், கல்லைத் தேய்க்கக் கூடாது என்பதைப் பாட்டியிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் இந்த ஆராய்ச்சியிலேயே கடினமான பகுதி. "பாசி புடிச்ச தொட்டிய கழுவாம எப்பிடிப்பா உடறது?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நோட்டில் முதல் இரண்டு ஞாயிறும் அதே நாலு. மூன்றாம் மாதம் 4.8. அதன் பிறகு கோடு கிராஃப் தாளில் ஏற ஆரம்பித்தது. ஏழாம் மாதம் 8.5 சென்டிமீட்டர், டப்பாவில் வால் மடங்கியதால் அளவு சரியில்லை என்று பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தாள். பெரிய டப்பா கேட்டு அம்மாவோடு சண்டை.

போன மாதம் தொட்டியோரம் பாட்டி நின்றுகொண்டிருந்தார். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்த கூடை இன்னும் கையில். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கூடைமீனைப் பார்ப்பது போலவே. மீன் அடியில் மணலை வாயால் அள்ளித் துப்பிக்கொண்டிருந்தது.

"யே, இது கெண்டடி" என்றார் பேத்தியிடம்.

அவள் அவசரமாக வலையை இழுத்து மூடினாள்.